நவம்பரில் சுட்ட மான்

அன்புள்ளவருக்கு,

ஆலை விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போன நவம்பரில் வடக்குக் காட்டு முகாமில் சுட்டதாகச் சொல்லி, பாடம் பண்ணிக் கொண்டுவந்தீர்களே மான் தலை, அதற்கு இப்போதே முடி கொட்டுகிறது. காது சுருங்கி, கண்ணாடிக் கண் பிதுங்கி நிற்கிறது.

நேற்று என் தம்பி ஆர்விட் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, நவம்பர் மானுக்கு ரோமம் சாம்பலா அடர்த்தியா இருக்கும். இது செக்கச்செவேல்னு இருக்கே! இது கோடையில செத்த மான், அக்கா. மாமா எங்கேயோ விலைக்கு வாங்கியிருக்காரு."

"வெயில் பட்டு நிறம் மாறியிருக்கும்டா" என்று உங்களை விட்டுக்கொடுக்காமல் சொல்லி வைத்தேன்.

அந்த வாரம் முகாமில் இரவெல்லாம் விறகு எரித்ததாகச் சொன்னீர்கள். உங்கள் கோட்டில் புகை வாசனையே இல்லை. ஏதோ சென்ட் வாசனைதான் இருந்தது.

இந்த வருஷம் நானும் வருகிறேன். துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டேன். போன வருஷம் தங்கிய இடத்துக்கே கூட்டிப்போங்கள்.

உங்கள் மனைவி