வயிற்றுக் கோளாறு என்று சொல்லச் சொன்னார்

மார்ச் 4
இவருக்குச் சளி. வீடே அல்லோலகல்லோலம். ஆவி பிடிக்க வெந்நீர், போர்வை, போனில் சொந்தபந்தத்துக்கெல்லாம் அறிவிப்பு. எனக்குக் கர்ப்பப்பை இறங்கி வருஷக்கணக்காகிறது. அது யாருக்கும் செய்தி இல்லை. சொன்னால்தானே செய்தி! ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளைத் தூக்கும்போது அடிவயிறு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். ஒதுங்கிப் போய், கையால் உள்ளே தள்ளிவிட்டு வந்து மிச்சத்தைத் தூக்குவேன்.

மார்ச் 9
சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. கழிப்பறைக்கு வெளியே இவர்: "உள்ள என்ன தூங்கறியா?" ஆமாம், பஞ்சு மெத்தை போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 15
கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. மகள் பார்த்துவிட்டாள். நாளைக்கு ஆஸ்பத்திரியாம்.

மார்ச் 16
டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டினாள். இறங்கிய கர்ப்பப்பை சிறுநீர்க் குழாய்களையும் கீழே இழுத்து மடக்கிவிட்டதாம். நீர் போக வழியில்லாமல் தேங்கி, ரெண்டு சிறுநீரகமும் வீங்கிக் கிடக்கின்றன.
"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"
யார்கிட்ட சொல்றது? சளிக்காரர்கிட்டயா?
"இன்னும் விட்டிருந்தா டயாலிசிஸ்தான்."
பயந்துட்டேன். செத்தா சாகறேன்னு வாய் கிழியப் பேசினவ — மக கையை விடவே இல்ல.

மார்ச் 17
கர்ப்பப்பையை மேலே தள்ளி, இறங்காமலிருக்க ரப்பர் வளையம் வைத்திருக்கிறார்கள். சிறுநீருக்குக் குழாய். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்: "யாராவது கேட்டா வயித்துக் கோளாறுன்னு சொல்லு." பெரிய வைத்தியர்!

ஏப்ரல் 20
கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. ஒரு சிறுநீரகம் தேறிவிட்டதாம். இன்னொன்று பாதிதான், இனி அவ்வளவுதானாம். கனம் தூக்கக் கூடாது. சலவைக்கூடத்துக்கு முழுக்கு. இவர் ஒரு வாளி தண்ணீர் தூக்கிவிட்டு, என்னமோ மலையைப் பெயர்த்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

மே 12
நாத்தனார் வந்தாள். என் சமையல், நடை, சிரிப்பு எல்லாவற்றுக்கும் மார்க் போடுகிறவள்.
"என்ன ஆபரேஷன்?"
இவர் முந்திக்கொண்டார்: "வயித்துல சின்னதா—"
"கர்ப்பப்பை இறங்கிடுச்சு. கிட்னி போகப் பார்த்துச்சு," என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி.
இவர் பேப்பருக்குள் புகுந்துகொண்டார். நாத்தனார், நான் சமையலறைக்குப் போனதும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.
"அண்ணி... எனக்கும் அப்படித்தான் இருக்கு. ரொம்ப நாளா."
பதிலுக்கு நறுக்கென்று ஏதாவது சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அதை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். நாளைக் காலையில் டாக்டரம்மாவிடம் போகிறோம்.
கூடத்திலிருந்து இவர் காபி கேட்டார். ரெண்டு பேரும் பதில் சொல்லவில்லை.