வாலுவின் மச்சம்

பிப்ரவரி 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாலு காமிக்ஸின் புது இதழ் இத்துடன் வருகிறது. ஸ்டேப்பிள் பின் கொஞ்சம் கோணல். பிரித்ததும் உன் கண் அங்கேதான் போகும் என்று எனக்குத் தெரியும். கணக்கு டீச்சர் புத்தி எங்கே போகும்?

இந்தத் தடவை வாலுவும் முசுட்டுக் குடையும் தபால் ஆபீசுக்குப் போகிறார்கள். மழையே பெய்யாத நாட்டுக்குத் தன்னைப் பார்சலில் அனுப்பிவிடச் சொல்லிக் குடை அடம் பிடிக்கிறது. வாலு அதன் மேலெல்லாம் ஸ்டாம்ப் ஒட்டுகிறாள். எச்சில் தொட்டு ஒட்டியதற்குக் குடை போடுகிற சத்தத்தைப் பார், பக்கம் ஏழில்.

பிழைப்பு வழக்கம்போலத்தான். இஸ்திரிப்பெட்டி, மிக்ஸி, வெந்நீர் கெட்டில் எல்லாவற்றுக்கும் பெட்டிக்குள் ஒரு செய்முறைத் தாள் வைப்பார்களே, அதற்குப் படம் போடுகிறேன். பொத்தானை அழுத்தும் கை, மூடியைத் திருகும் கை, ஒயரைப் பிடுங்கும் கை. முகம் போடக் கூடாது என்பது கம்பெனி சட்டம். முகம் வந்தால் இது எந்த ஊர்க்காரர் முகம் என்று கேள்வி வருமாம். அதனால் பகல் முழுக்கக் கைகள். சனி, ஞாயிறு வந்தால் நாய்கள். வீட்டு நாயை வரைந்து பிரேம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு அம்மா, "இதுல எங்க பப்பி சிரிக்கவே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "நாய் சிரிக்காதும்மா" என்றேன். "எங்க நாய் சிரிக்கும்" என்றார். வேறு வழி? கூட வந்திருந்த அவர் வீட்டுக்காரரின் சிரிப்பை எடுத்து நாய்க்கு மாட்டிவிட்டேன். ஆகா ஓகோ என்று வாங்கிக்கொண்டு போனார்.

இவ்வளவுக்கும் நடுவில் நேரம் திருடித்தான் வாலுவை வரைகிறேன். ஜெராக்ஸ் கடைக்காரர் இந்த முறை கேட்டே விட்டார். "யாரு சார் இதைப் படிக்கிறாங்க?" நான் யோசிக்காமல், "எங்க வீட்டுல படிக்கிறாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, நீ இந்த வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது என்று.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல். நிறுத்திவிடட்டுமா? கடைகளில் வைத்த கட்டு அப்படியே திரும்பி வருகிறது. பிள்ளை போன பிறகும் அவளைப் பொம்மையாக வரைந்துகொண்டே இருக்கிறவனைப் பற்றி உன் அக்கா என்ன சொல்லுவார் என்றும் எனக்குத் தெரியும். நீ வேண்டாம் என்றால் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

உன்,
மைக்கறை


பிப்ரவரி 15

மைக்கறை அவர்களுக்கு,

பின் கோணல் மட்டுமில்லை, பன்னிரண்டாம் பக்கமும் பதினான்காம் பக்கமும் இடம் மாறியிருக்கின்றன. பதின்மூன்றைக் காணவே காணோம். என் வகுப்புப் பிள்ளைகள் இப்படி ஒப்படைத்தால் காதைத் திருகியிருப்பேன். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று ஒரு வரி எழுதவில்லை. நாயின் சிரிப்பைப் பற்றி மட்டும் அரைப் பக்கம்!

நிறுத்துகிற பேச்சை இத்தோடு விடுங்கள். நிறுத்தினால் நடப்பது வேறு. இந்த வீட்டுக்கு வரும் தபாலில் கரண்ட் பில் அக்காவுக்கு, ஆஸ்பத்திரிக் கடிதம் அத்தானுக்கு. எனக்கென்று வருவது உங்கள் பழுப்பு உறை ஒன்றுதான்.

அக்கா என்ன சொல்லுவாள் என்றுதானே பயம்? சொல்லத்தான் செய்கிறாள். "போட்டோ ஆல்பத்தை அலமாரி மேல தூக்கிப் போட்டு ஆறு வருஷமா தொடல. பிள்ளையோட கவுன் பெட்டியைத் திறக்கச் சொன்னா எழுந்து போயிடற. இந்தப் பொம்மைப் புத்தகத்தை மட்டும் எப்படிடி சிரிச்சுக்கிட்டே படிக்கற?" என்றாள். "தெரியலக்கா" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. திருத்த வேண்டிய விடைத்தாள்களை ஓரம் தள்ளிவிட்டுப் படித்தேன். குடை எச்சிலுக்குக் கத்துகிற இடத்தில் வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தான் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

அதனால் ஒழுங்காக வரையுங்கள். ஒழுங்காகப் பின் அடியுங்கள்.

டீச்சர்


மார்ச் 2

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதத்தை மேஜை விளக்கில் ஒட்டி வைத்திருக்கிறேன். திட்டு விழுந்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் "வாசகர் கடிதம்" என்று பெருமையாகச் சொல்லியும் விட்டேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு இங்கே காமிக்ஸ் சந்தை. பெரிய கம்பெனிகள் இல்லை, என்னை மாதிரி சொந்தமாக வரைந்து, சொந்தமாக அச்சடித்து, சொந்தமாகக் கையைச் சுட்டுக்கொள்கிறவர்கள் மட்டும். ஆளுக்கு ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. வருஷா வருஷம் என் இரண்டாவது நாற்காலியில் என் பைதான் உட்கார்ந்திருக்கும். பக்கத்து மேஜையில் ஸ்டிக்கர் விற்கிற பெண் போன வருஷம், "சார், பைக்குக் கால் வலிக்குமா? நான் அந்த நாற்காலியை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். கொடுக்கவில்லை. ஆள் வரும் என்று சொல்லிவிட்டேன்.

நீ வாயேன். விற்க வேண்டாம், பேச வேண்டாம். உட்கார்ந்தால் போதும். சாயந்தரம் நானே ஸ்டேஷனில் கொண்டுபோய் ஏற்றிவிடுகிறேன். வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. கேட்டால் வருகிறதும் வராமல் போய்விடுமோ என்று பயம், அவ்வளவுதான்.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. முகபாவம் பார்த்து வரைவதற்கு மேஜையில் ஒரு கண்ணாடி வைத்திருப்பேனே, அதுவும். அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்து அதைப் பார்த்து, "அப்பா, இது கோபம். அப்பா, இது திருட்டு முழி. சீக்கிரம் வரை, கன்னம் வலிக்குது" என்பாள். வாலு பிறந்ததே அந்தக் கண்ணாடியில்தான். இப்போது அதில் என் மூஞ்சி மட்டும் வருகிறது. அதை வைத்துக் குடையை வரைகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மைக்கறை


மார்ச் 14

மைக்கறைக்கு,

வருகிறேன். திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமை ஆசிரியை "என்ன விசேஷம்?" என்றார். "எங்க வீட்டுக்காரர் கடை போடறார்" என்றேன். எப்படி அந்தச் சொல் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கன்னமெல்லாம் சூடாகிவிட்டது, இந்த வயசில்.

நாற்காலியைத் துடைத்து வையுங்கள். சட்டையில் மை இல்லாமல் வாருங்கள், அது முடியாது என்றால் கறுப்புச் சட்டையாவது போடுங்கள்.

நீங்கள் கண்ணாடி பற்றி எழுதியதும் ஒன்று ஞாபகம் வந்தது. சொல்லாமல் இத்தனை வருஷம் எப்படித்தான் அடக்கி வைத்தேனோ! வாலுவுக்கு மச்சத்தை எந்தக் கன்னத்தில் போடுகிறீர்கள்? வலது கன்னம். நம் பிள்ளைக்கு எங்கே இருந்தது? இடது கன்னம், கண்ணுக்குக் கீழே. கண்ணாடியைப் பார்த்தே வரைந்தவர், கண்ணாடி காட்டினதை அப்படியே போட்டுவிட்டீர்கள். அதற்கப்புறம் அந்த முதல் படத்தையே மாதிரிப் படமாக வைத்து வரைந்து வரைந்து அதுவே நிலைத்துவிட்டது.

முதல் இதழிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். சமையலறைக்கு ஓடிவந்து என் காதில், "அம்மா, இது நான் இல்ல. கண்ணாடிக்குள்ள இருக்கிற பாப்பா. அப்பாகிட்ட சொல்லாத, பாவம்" என்றாள். நானும் அவளும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! சத்தியம் வாங்கிக்கொண்டாள். இன்று உடைத்துவிட்டேன். உங்களைக் கேலி செய்ய இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது, அதனால் மன்னித்துவிடுவாள்.

சந்தையில் பார்க்கலாம்.

டீச்சர்


ஏப்ரல் 9

என் அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

பாவி, ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை? படித்ததும் எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். இடது கையைத் தூக்கினேன், இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சொந்தப் பிள்ளையின் முகத்தை இப்படியா மாற்றி வைப்பான் ஒருத்தன்? ஆல்பமும் உன்னிடம் இருக்கிறது. எனக்குக் கண்ணாடியையும் மாதிரிப் படத்தையும் விட்டால் வேறு என்ன கதி?

சரி, அழுதது போதும் என்று வேலையில் இறங்கினேன். பழைய மாதிரிப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வரைந்தேன். மச்சம் மட்டும் இல்லை, எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அவளுக்கு வகிடு எந்தப் பக்கம், சிரித்தால் எந்த ஓரம் முதலில் ஏறும், விழுந்த பல் எந்தப் பக்கத்துப் பல், எல்லாமே திரும்பிக் கிடந்தது. கை பழைய பக்கத்துக்கே ஓடியது. "இடது" என்று பெரிதாக எழுதி உன் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். கெட்டில் கம்பெனிக்காரர் போன் மேல் போன் போட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சந்தைக்கென்று அச்சடித்து வைத்திருந்த கட்டு முழுவதையும் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டேன். கடைக்காரர் பாவம், மறுபடி முதலிலிருந்து ஜெராக்ஸ் போட்டார்.

முதல் பிரதி உனக்கு. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெரிய கட்டம். அதில் குடைகூட இல்லை. அவள் மட்டும் நேராக உன்னைப் பார்த்துக் கேட்கிறாள்: "அம்மா, கிளம்பிட்டியா?"

இந்தத் தடவை கண்ணாடிப் பாப்பா இல்லை. நம் பிள்ளை. அசல். பார்த்ததும் சொல், சரியாக வந்திருக்கிறதா என்று.

நாற்காலியைத் துடைத்துவிட்டேன். கறுப்புச் சட்டை வாங்கிவிட்டேன்.

உன் மைக்கறை


ஏப்ரல் 20

அன்புள்ளவருக்கு,

சரியாக வந்திருக்கிறது. அச்சு அசல். உங்கள் கை பொல்லாத கை, அதை இன்றைக்கும் சொல்வேன்.

நான் வரவில்லை. லீவை ரத்து செய்துவிட்டேன்.

கோபமில்லை. அக்கா கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் தெரிந்தது, அதை உங்களிடம் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக நான் படித்தது நம் பிள்ளையை இல்லை. அவள் சொன்ன அந்தக் கண்ணாடிப் பாப்பாவை. அவளுக்குக் காய்ச்சலே வராது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. குடையோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்று நிம்மதியாகப் படித்தேன். படிக்கும்போது எனக்கே இது தெரியாது. மச்சம் அந்தப் பக்கம் இருந்தவரைக்கும் என்னால் முடிந்தது.

இப்போது இடது கன்னத்தோடு அவளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியுமே. மூக்கில் வைத்த குழாய் நகராமல் இருக்க அந்த மச்சத்துக்குக் கீழேதான் பிளாஸ்டர் ஒட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகு அதை உரித்தது நான். வலிக்குமே, வலிக்குமே என்று மெதுவாக உரித்தேன். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே வலிக்காதும்மா" என்றார். நீங்கள் வெளியே தாழ்வாரத்தில் இருந்தீர்கள். உங்களிடம் இதை நான் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வது?

அந்தக் கன்னம் என்னைப் பார்த்து "கிளம்பிட்டியா?" என்று கேட்கிறது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் அதையும் அலமாரி மேலே, ஆல்பத்தோடு வைத்துவிட்டேன்.

உங்கள் மேல் தப்பில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிள்ளை சொல்லாதே என்றுதான் சொன்னாள். இரண்டு பேரும் ஆசைப்பட்டுத்தான் செய்தோம், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி இதழ் அனுப்ப வேண்டாம். நீங்கள் திரும்ப மச்சத்தை மாற்றிப் போட்டாலும் வேண்டாம். மாற்றினது எனக்குத் தெரியும். கடிதமும் கொஞ்ச நாள் வேண்டாம். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

டீச்சர்


மே 11

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும். பதில் போட வேண்டாம்.

பிளாஸ்டர் விஷயம் எனக்குத் தெரியாது. தாழ்வாரத்தில் நின்றுகொண்டு நான் ஏதோ ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நீ தனியாக இருந்திருக்கிறாய்.

சந்தைக்குப் போனேன். பக்கத்து மேஜைப் பெண் வந்து கேட்டாள். நாற்காலியைக் கொடுத்துவிட்டேன். ஒரு சின்னப் பெண் இதழை எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வருவதற்குள் அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீ வேண்டாம் என்றும் மச்சத்தை மாற்றிப் பார்த்தேன், உனக்கு அனுப்ப இல்லை, எனக்காக. கை போகவில்லை. பழைய பக்கத்துக்கே ஓடுகிறது என்று எழுதினேனே, அதே கை. எப்படி வரைந்தாலும் நம் பிள்ளைதான் வருகிறாள். கண்ணாடிப் பாப்பாவை நான்தான் துரத்திவிட்டேன். அவள் இனி எங்கே போவாள் என்று அழுகை வருகிறது. மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதானே நமக்கு.

வாலு முடிந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். "எங்க வீட்டுல படிக்கிறதை நிறுத்திட்டாங்க" என்றேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

கெட்டில் கம்பெனியில் முழு நேர வேலைக்கு வரச் சொல்கிறார்கள். சரி என்றுவிட்டேன். அங்கே கைகளை மட்டும் வரைந்தால் போதும்.

உன்,
மைக்கறை