இட்லிப் பானையில் ஒளிந்த ஷூ

பிராங்க்ளின் சாருக்கு,

என் ஷூவை ஒளிச்சு வைக்க உங்களுக்கு இட்லிப் பானைதான் கிடைச்சுதா? இந்த வீட்ல இட்லி அவிக்கிறது யாருன்னு கல்யாணமாகி இத்தனை வருஷத்துல கவனிச்சதே இல்லை போல.

குதிகால் வலி போயிடுச்சு, அறுபது வயசானாலும் ஓடலாம்னு டாக்டரே சொல்லிட்டார். உங்க உத்தரவு மட்டும்தான் வரலை. அதுக்குக் காத்திருந்தா இன்னைக்கு ஓட்டப்பந்தயமே முடிஞ்சிடும். ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பிட்டேன்.

மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. பானையை நல்லா விளக்கிட்டு ஊத்துங்க, ஷூ இருந்த பானை. சர்ச்ல பூசைக்குச் சாயங்காலம் போயிக்கலாம்.

சகாயராணி

பி.கு.: ஃப்ரீசர்ல இருக்கிற பாட்டில் குதிகாலுக்கு அடியில வச்சு உருட்டுறதுக்கு, குடிச்சிடாதீங்க. ராஜகோபுரத்துக்கிட்டதான் ஓட்டம் முடியுது. பாட்டிலை அங்க எடுத்துக்கிட்டு வாங்க, வலிச்சா வேணும்.

வலிக்கலைன்னாலும் வாங்க.