பாட்டுல செத்துப்போன அத்தான்

ஆலடிமேடு,
அம்பாசமுத்திரம் வழி
2.2.97

அன்புள்ள மாப்ளே பெருமாள்ராஜுக்கு,

உம்ம அக்கா வீட்டுக்காரன் முத்துமாலை எழுதுதேன். இங்கன எல்லாரும் சுகம். உம்ம பாட்டுல செத்துப்போன நானும் சுகம்.

நீர் அனுப்பின கேசட்டு வந்து சேர்ந்தது. மில்லுக்கார ஆட்கள் நாலஞ்சு பேரைக் கூட்டி வச்சு டேப்ரிக்கார்டர்ல போட்டோம். முதல்ல அந்தக் கிட்டார் வந்துச்சு பாரும், பக்கத்து வீட்டுச் சாரம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்து, "அண்ணாச்சி, மிக்சி தீயுது, சுவிட்ச அமத்துங்க"ங்கா. எங்க வீட்டுல மிக்சியே கிடையாது வே.

அப்புறம் நீர் பாடுனீர். ராக் பாட்டுன்னா தொண்டையில மீன்முள்ளு சிக்கினவன் மாதிரிதான் கத்தணுமா? ஆனா எங்க ஆட்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நூல் மெசின் பக்கத்துல இருபது வருசம் நின்ன காது எங்களது. ரேடியோவுல வாற பாட்டெல்லாம் எறும்பு நடக்குத மாதிரிதான் எங்களுக்கு. உம்மது ஒண்ணுதான் ஒழுங்காக் கேட்டுது.

"பஞ்சு தின்னுது நெஞ்ச,
எந்திரம் தின்னுது காத"

இந்த எடத்துல பீர் முகம்மது கண்ணத் தொடச்சான். அவனுக்கு அந்த இருமல் இன்னும் விடல. நானும், பாட்டுல வாற அத்தான் நம்மதான்னு மீசையைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அடுத்த வரியில,

"மிச்சம் இருக்குத மனுசன
மண்ணு தின்னுது பாரு"

என்று கொண்டுபோய்ப் புதைச்சுட்டீரே! ஒரு நாலு வரி தள்ளிப் போட்டிருக்கக் கூடாதா? ஒரு காப்பி குடிச்சிட்டாவது செத்திருப்பேன்.

அப்பத்தான் உம்ம அக்கா இசக்கித்தாய் அடுப்பங்கரையில இருந்து விறுவிறுன்னு வந்து பட்டன அமத்திட்டா. "மில்லுல ஒரு வருசம் தாங்காமக் கிட்டாரத் தூக்கிட்டு ஓடினவன், கஷ்டத்தப் பத்திப் பாட வந்துட்டான்" என்று சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் ஆளப் பிடிச்சு வாங்கித் தந்த வேலையை நீர் விட்டுட்டுப் போனது எனக்கு மறந்து போச்சு. அவளுக்கு மறக்கல. "இனிமே என் தொண்டைச் சத்தம் அவன் காதுல விழாது" என்று சொரிமுத்தையன் கோயில்ல சத்தியம் பண்ணினவளாச்சே. ரெண்டு வருசமாக் காப்பாத்துதா.

ஆனா ஒண்ணு. கேசட்டைத் தூக்கி எறியல. அரிசி டின்னு மேல துணி போட்டு மூடி வச்சிருக்கா.

மண்ணுக்குள்ள இருந்து,
அத்தான் முத்துமாலை


பெங்களூர்
18.2.97

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்க கடிதத்தை எங்க குழுவில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். டிரம் அடிக்கிற ஜெபசீலன் நம்ம சாத்தான்குளத்துக்காரன். மிக்சி கதையைக் கேட்டுத் தரையில உருண்டுட்டான்.

அத்தான், பாட்டுல ஆள் செத்தாத்தான் இங்க கைதட்டு. அந்தக் கடைசி வரி வந்ததும் காலேஜ் பிள்ளைகள் எழுந்து நிக்குது. ஆனா கைதட்டுக்காக நான் அதை எழுதல. நான் மில்லுல இருந்தப்போ ஒருநாள் நீங்க வேலை முடிஞ்சு வந்து என்கிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தீங்க. அக்கா பின்னால நின்னு உங்களைக் கூப்பிட்டா. திரும்பக் கூப்பிட்டா. உங்களுக்குக் கேக்கவே இல்ல. தண்ணிச் செம்போட அவ அப்படியே நின்னா. அன்னைக்குப் பிடிச்ச பயம், அதுலதான் ஓடினேன். சோம்பேறித்தனத்துல ஓடினேன்னு அக்கா நினைக்கா.

அவ கேட்டது நியாயந்தான். ஆனா தாங்க முடியாதவன் பாடக் கூடாதா? தாங்குறவங்களுக்குப் பாட நேரம் எங்க இருக்கு?

நம்ம ஊர்ல, அக்கா முன்னால, ஒரே ஒரு தடவை இதைப் பாடணும் அத்தான். அதுக்குப் பிறகும் அவ பேசாட்டா, சரின்னு இருந்துக்குவேன்.

அன்புடன்,
பெருமாள்ராஜ்


ஆலடிமேடு
6.4.97

அன்புள்ள பாடகர் பெருமாள்ராஜ் அவர்களுக்கு,

சங்கத்துல பேசி முடிச்சாச்சு. மே தினத்துக்கு மில் வாசல்ல கூட்டம். பஞ்சுத் தூசிய வெளிய இழுக்குத ஃபேன் வேணும், மூக்குல கட்டத் துணி வேணும். வருசா வருசம் இதத்தான் கேக்கோம். வருசா வருசம் ஒருத்தர் வந்து பேசுவார், நாங்க தூங்குவோம். இந்த வருசம் நீர் கத்தும். ஒரு பய தூங்க முடியாது.

இன்னொரு சங்கதி. உம்ம பாட்டு மில்லுக்குள்ள நுழைஞ்சிட்டு. மெசின் ஓடும்போது யார் கத்தினாலும் கேக்காது, வாயசைச்சுத்தான் பேசிக்குவோம், உமக்குத் தெரியாததா? அந்தக் கோடியில நிக்குதவன் வீட்டுல என்ன குழம்புன்னு இந்தக் கோடியில இருந்து கேட்டுக்குவோம்லா. இப்ப வரிசை மொத்தமும் சத்தமில்லாம உம்ம பாட்டத்தான் பாடுது. கோயமுத்தூர்ல இருந்து வந்த புது சூப்பர்வைசர், எல்லாவனும் வெத்தலை போட்டு மெல்லுதான்னு நினைச்சு, ஒவ்வொருத்தன் வாயையும் தொறக்கச் சொல்லிப் பார்த்தார். பீர் முகம்மது ஆ காட்டும்போது கொட்டாவி விட்டு அவர் மூஞ்சியிலயே இருமிட்டான்.

உம்ம அக்காவுக்கும் இந்த வாயசைக்குத பேச்சு அத்துப்படி. என்கிட்ட கத்திக் கத்திப் பார்த்துட்டு, இப்ப வீட்டுல வாயசைச்சுத்தான் ஏசுதா. நான் கண்ண மூடிட்டேன்னா தப்பிச்சேன்.

கூட்டத்துக்கு வாறியான்னு அவகிட்ட கேட்டேன். "நீங்க சாகுத எடத்த நான் எதுக்கு வந்து பார்க்கணும்?" என்று கேட்டா. கேட்டுட்டு அரிசி களைய உட்கார்ந்துட்டா. அரிசியும் தண்ணியும் வாசல் வரைக்கும் தெறிச்சுது. அன்னைக்கு அவ பட்டன அமத்தினது உம்ம மேல உள்ள கோவத்துல மட்டும் இல்ல மாப்ளே. எனக்கு இப்பத்தான் உறைச்சுது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல? பாட்டுக் கட்டுதவர் நீரு.

இன்னும் சாகாத,
அத்தான்


பெங்களூர்
5.5.97

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தோம். மறுநாள் மதுரையில கச்சேரி இருந்ததால உங்ககிட்ட ஒழுங்காச் சொல்லிக்கக்கூட முடியல. நீங்க மேடைக்குக் கீழ கண்ண மூடிக்கிட்டு ஆடிக்கிட்டிருந்தீங்க, அதனால நடந்ததை நான் எழுதணும்.

கடைசி வரியை மாத்தி வச்சிருந்தேன். ஜெபசீலனுக்குக்கூடச் சொல்லல. சரியா அந்த எடம் வரவும் கரண்டு போச்சு. கிட்டாரும் போச்சு, மைக்கும் போச்சு. டிரம்முக்குக் கரண்டு எதுக்கு? அவன்பாட்டுக்கு ஊர் அதிர அடிக்கான். நான் பாடுதது எனக்கே கேக்கல. நிப்பாட்டிருவோமான்னு பார்த்தா, எதிர்ல இருந்த முகமெல்லாம் அசையாம என் வாயையே பார்க்கு. மெசின் முன்னால நிக்குத மாதிரி. சரின்னு முழுசும் பாடினேன்.

"மிச்சம் இருக்குத மனுசன்
மிதிச்சு வாறான் சைக்கிள,
சோறு எடுத்து வையி அக்கா,
சண்டை பிடிக்க வாறான்"

ஒரு சத்தமும் வெளிய வரல அத்தான். ஆனா சிரிக்க வேண்டிய எடத்துல எல்லாரும் சிரிச்சாங்க. பீர் முகம்மது அண்ணாச்சி துண்டைத் தூக்கி எறிஞ்சார்.

அப்பத்தான் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால, ரேஷன் கடைப் படியில அக்கா நின்னா. வாயசைச்சா. "எடுத்து வச்சாச்சு." வீட்டுப் பக்கம் கையக் காட்டினா.

என் காலடியில நீங்க நின்னீங்க. உங்களைத்தான் கூப்பிடுதாளோன்னு ஒரு சந்தேகம். எனக்குன்னு நினைச்சு வாசல்ல வந்து நின்னு, அவ மூஞ்சியத் திருப்பிட்டா நான் என்ன செய்ய? வேன்காரர் ஹாரன் அடிச்சார். ஏறிட்டேன்.

அன்னைக்கு அவ யாரைக் கூப்பிட்டா அத்தான்?

பெருமாள்ராஜ்


ஆலடிமேடு
10.5.97

ஏலே கூறுகெட்ட மாப்ளே,

இதுவரைக்கும் நீரு, உம்மன்னு உனக்கு மரியாதை குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.

கூட்டம் முடிஞ்சு நான் வீட்டுக்கு வாறேன். ரெண்டு இலை போட்டிருக்கு. உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கோழிக் குழம்பு. எனக்கு உளுந்து ஆகாது, ஒரு வாய் தின்னா மூணு நாள் வயிறு ஊதிக் கிடக்கும்னு ஊருக்கே தெரியும். இந்த வீட்டுல உளுந்தஞ்சோறுன்னா உயிர விடுதவன் ஒருத்தன்தான். அவன் வேன்ல ஏறிட்டான்.

கைலியத் தூக்கிக் கட்டிக்கிட்டு ரோட்டுல ஓடினேன்லே. "நிப்பாட்டுங்க"ன்னு ரெண்டு கையையும் வீசுதேன். உன் டிரம்முக்காரன் பின்னால உட்கார்ந்து, வழியனுப்ப வந்திருக்கேன்னு நினைச்சு எனக்குக் கையாட்டுதான், நல்லாப் பல்லக் காட்டிக்கிட்டு! திரும்பி வந்தா, உன் அக்கா இலைக்கு முன்னாலயே உட்கார்ந்திருக்கா. வாளிச் சோத்தையும் சாரம்மாள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்தோம். கோழி முழுசும் நான்தான் தின்னேன். வருத்தத்துலதான் தின்னேன்.

உன் கடிதம் எல்லாத்தையும் அவளுக்கு வாசிச்சுக் காட்டிட்டேன். இப்ப எதிர்ல நிக்கா. வாயசைக்கா, நான் எழுதுதேன். தொண்டைச் சத்தம் விழாதுன்னுதான் சத்தியமாம், வாயசைக்க மாட்டேன்னு சொரிமுத்தையன்கிட்ட சொல்லவே இல்லையாம். சாமியும் இவளும் பேசி முடிச்ச விசயம், நமக்கு என்ன.

இனி அவ சொல்லுதது:

ஆனித் தேருக்கு வரணும். அந்த டிரம்முக்காரப் பிள்ளையையும் கூட்டிட்டு வரணும், எலும்பும் தோலுமா இருக்கான். பயந்து போய் ஓடினேன்னு அன்னைக்கே சொல்லிருந்தா, நானும் பயந்துதான் கிடக்கேன்னு சொல்லிருப்பேன். காதப் பத்தியும் நெஞ்சப் பத்தியும் எழுதினது நெசம், அத ஒரு எழுத்து மாத்தாத. கடைசி வரி மட்டும் மாத்தினது மாத்தினபடியே இருக்கட்டும். தொண்டைக்குப் பனங்கல்கண்டு வாங்கிச் சாப்பிடு.

அவ சொன்னது முடிஞ்சுது. "உன்னை நினைச்சு ராத்திரியும் பகலும் அழுதா"ன்னு நானாச் சேர்க்கப் பார்த்தேன், "என்னத்த எழுதுதிய?"ன்னு ஒரு கத்து கத்தினா. எனக்கே கேட்டுது.

மில் வாசல்ல ரெண்டு ஃபேன் பெட்டி வந்து இறங்கிருக்கு. மாட்டினாத்தான் நெசம், அதுவரைக்கும் பாடுதோம். சூப்பர்வைசருக்கும் இப்ப வாய் லேசா அசையுது. வெத்தலை இல்ல, நான் பார்த்துட்டேன்.

டெய்லி சாயந்திரம் நான் சைக்கிள நிறுத்துத நேரத்துக்கு வீட்டுல உன் கேசட்டு ஓடுது. அது பழைய பாட்டுல்லா? மண்ணு தின்னுத எடம் வாறதுக்கு முன்னாலயே உன் அக்கா பட்டன அமத்திடுவா. அமத்திட்டு, அடுப்ப ஊதிக்கிட்டே, புது வரிய அவளே வாயசைச்சுப் பாடுதா.

சத்தமே இல்ல மாப்ளே. எனக்கு நல்லாக் கேக்குது.

சைக்கிள மிதிச்சு வீட்டுக்கு வந்து சேர்ந்த,
அத்தான் முத்துமாலை