பேரில்லாத மேட்டில் ஒரு கயிறு

7 மே 1956, திங்கள். காசிமேடு

காலையில் நைனா என் கோட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில், "உள்ள இன்னும் எத்தினி பேரு கீறாங்கடா?" என்று கேட்டார்.

மூர் மார்க்கெட்டில் எடுத்த பட்டாளத்துப் பழைய கோட்டு. எந்த வெள்ளைக்காரன் போட்டதோ, என் முழங்காலைத் தாண்டிப் போய்க் கணுக்காலைக் குசலம் விசாரிக்கிறது. அம்மா கையை மடித்துத் தைத்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். "பனியில வெறச்சிப் பூட்டின்னா யாருடா பதில் சொல்றது?" வஞ்சிரத்தைக்கூட ஐசில்தான் வைக்கிறார்கள், அது எவ்வளவு ஷோக்காக இருக்கிறது என்றேன். துடைப்பம் எங்கே என்று தேடினாள். நான் ஏற்கெனவே அதைக் கூரைமேல் போட்டிருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையிலிருந்து ஆறு பேர் இமயமலைக்குப் போகிறோம். மலையேறப் பழகி, ஒரு பனிச்சிகரத்தைத் தொட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. கூட்டிப் போகிறவர் பூகோள வாத்தியார் அருள்பிரகாசம் சார். என்னை ஏன் சேர்த்தீர்கள் என்று அவரையே கேட்டேன். "உன்ன இங்க உட்டுட்டுப் போனா திரும்பி வரும்போது ராயபுரம் இருக்காதுடா, தண்டபாணி."

அவர் ஒருவர்தான் முழுப்பேர் சொல்கிறார். மற்றவர்களுக்கு நான் தண்டம். பாணியும் என்னிடம் நிறைய உண்டு, எவன் கவனிக்கிறான்?

10 மே, வியாழன். ரயிலில்

உட்கார இடமில்லாமல் ஏறினோம். அம்மா கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாட்டு மூட்டையை அவிழ்த்தேன். ஒரு பெஞ்சு காலி. கொஞ்சம் விசிறினேன். எதிர் பெஞ்சும் காலி. இப்போது ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டு போகிறோம். சார் மட்டும் கண்ணை மூடி ஜெபம் செய்வதுபோல் இருக்கிறார். சிரிப்பை அடக்குகிறார் என்பது தோளைப் பார்த்தால் தெரிகிறது.

இக்னேஷியஸ், எங்களுக்கு இக்கு, படுக்கவில்லை. வழக்கம்போல் கயிறு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். இவன் எதைச் செய்தாலும் நட்டு போல்ட்டு முடுக்குகிற மாதிரிதான் செய்வான். ஒரு வருஷமாக வீட்டு ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கிப் பழகினானாம். மலையில் முதல் ஆளாக, கயிற்றின் தலைமாட்டில் ஏற வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு. கோபம் வந்தால் அக்னேஷியஸ் ஆகிவிடுவான். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது ஆக்கிவிடுவது என் பழக்கம்.

13 மே

டில்லியில் வண்டி மாறினோம். மலை எங்கே என்றால் இன்னும் மேலே என்கிறார்கள். மேப்பில் எல்லாமே மேலேதான்.

16 மே, புதன்

பஸ்ஸில் மலைப்பாதை. கீழே பியாஸ் நதி வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. கடலில் ஒரு நாளும் வாந்தி எடுக்காத நான் பஸ்ஸில் எடுத்தேன். நைனாவுக்குத் தெரியக்கூடாது.

17 மே, வியாழன். மணாலிக்கு மேலே, கூடாரம்

பார்த்துவிட்டேன். தேவதாரு மரங்களுக்கு மேலே, மேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அசையவில்லை. அது மலை. பனி. ரஷீது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "ஜொரமாடா? சும்மா கீறே?"

ரஷீது வீட்டில் உருது பேசுவார்கள். அதனால் இங்கே அவன்தான் எங்கள் வாய். மலையேறக் கற்றுக்கொடுப்பவர் இந்த ஊர்க்காரர், பேர் துனி சந்த். வண்ணாரப்பேட்டையில் துணி விற்கிற சந்துபோல் இருக்கிறது என்றேன். ரஷீது அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டான், பாவி. அவர் யோசித்துவிட்டு, அங்கே கம்பளி கிடைக்குமா என்று கேட்டாராம்.

நாங்கள் ஏறப்போகிற சிகரத்தையும் காட்டினார். அதற்குப் பேர் கிடையாதாம். எங்கள் ஊரில் மேடே இல்லாத இடத்துக்குக் காசிமேடு என்று பேர். இங்கே வானத்தை முட்டுகிற மேட்டுக்கு ஒரு பேர் இல்லை.

கயிற்றில் ஒழுங்காகப் பழகுகிறவனைத்தான் அழைத்துப்போவார். சரியில்லாதவன் கீழே கூடாரத்தைக் காக்க வேண்டும்.

19 மே, சனி

கயிற்றுப் பாடம். மேலே போகிறவன் இடுப்பில் ஒரு முனை. கீழே நிற்கிறவன் பனிக்கோடாரியைப் பனியில் இறுக்கி, கயிற்றை அதில் சுற்றிப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். காற்று அடித்தால் குரல் கேட்காது. மேலே இருப்பவன் கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால் 'விடு' என்று அர்த்தம். புரிந்ததா என்றார். புரிந்தது. கயிற்றைப் பற்றி எனக்கா பாடம்? நடக்கப் பழகுமுன் கயிற்றின்மேல் தவழ்ந்தவன் நான்.

சாரின் தொப்பிக்குள் ஒரு நெத்திலி வைத்தேன். மத்தியானம் வரை மோந்து மோந்து எங்களை ஒவ்வொருவராகக் குளிக்கச் சொன்னார். ஐஸ் தண்ணீரில். நானும் குளித்தேன். அது கணக்கில் வராத இழப்பு.

21 மே, திங்கள்

எப்படி எழுதுவது.

காலையில் இக்குவின் பைக்குள் கல் போட்டேன். இரண்டே கல். பாதி ஏற்றத்தில் கண்டுபிடித்துவிட்டான். அக்னேஷியஸ். நான் சிரித்துக்கொண்டே, "கோச்சிக்காத மாமு, இன்னிக்கு உன்ன பறக்க உடறேன் பாரு," என்றேன். சும்மா சொன்னது. வாயில் வந்தது. எல்லாரும் கேட்டார்கள்.

அப்புறம் சரிவு. இக்கு முதல் தடவையாகத் தலைமாட்டில் ஏறினான். நான் கீழே நின்று கயிறு விட்டேன். எனக்குக் கீழே ரஷீது. காற்று வந்துவிட்டது. இக்கு கிட்டத்தட்ட உச்சிக்குப் போய்விட்டான். கயிறு போதவில்லை. ஒரு வெட்டு வெட்டினான்.

நான் இழுத்தேன்.

விட வேண்டியவன் இழுத்தேன். ஒரு கை அல்ல, மாற்றி மாற்றி, குதிகாலைப் பனியில் ஊன்றி, ஏலேலோ போட்டுக்கொண்டு. கரைவலை இழுக்கும்போது கடலில் இருக்கிறவன் கயிற்றை வெட்டினால் எங்களுக்கு 'இழு' என்று அர்த்தம். விவரம் தெரிந்த நாளிலிருந்து என் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். கை என்னைக் கேட்கவே இல்லை. இக்கு மல்லாந்து, என்னைத் தாண்டி, ரஷீதைத் தாண்டிப் பனியில் சறுக்கிக்கொண்டு போனான். துனி சந்த் குறுக்கே விழுந்து கயிற்றைப் பிடித்தார். கணுக்கால் சுளுக்கு, தாடையில் காயம். அதற்குமேல் ஒன்றும் இல்லை, ஆனால் ஆகியிருக்கலாம்.

ஒருத்தனும் நம்பலை. நான் வேணும்னு பண்ணலைன்னு சொல்லச் சொல்ல, பறக்க உடறேன்னு சொன்னியேடான்றான் ரஷீது. சார் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார். "எதுல வேணா வெளையாடு. கயித்துலயா?"

இக்கு என்னைப் பார்க்கவே இல்லை.

22 மே, செவ்வாய்

எனக்குக் கயிறு கிடையாது. சமையல் கூடாரம். உருளைக்கிழங்கு.

இத்தனை நாளும் பொய் சொன்னால் எல்லாரும் நம்பினார்கள். இப்போது உண்மையைச் சொல்கிறேன், என் மூஞ்சி பக்கத்தில் நின்று அதைப் பொய் என்கிறது. என்ன மூஞ்சி இது?

இக்குவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். "நீ வெச்சுட்டுப் போ. அப்பால குடிக்கிறேன்." உள்ளே என்ன போட்டிருப்பேனோ என்று பயம். உப்பு மட்டும்தான் போட்டிருந்தேன்.

24 மே, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

கீழே இருந்து சாமான் ஏற்றிக்கொண்டு கோவேறு கழுதை வந்தது. துனி சந்த் மூட்டையை இறக்கும்வரை அதன் கயிற்றைப் பிடித்துக்கொள் என்று என் கையில் கொடுத்தார். சமையல் கூடார வாசலில் உட்கார்ந்து ஒரு கையில் கயிறு, மடியில் கிழங்கு. ரஷீது எதிரே நின்று, இக்குவிடம் நீயே மன்னிப்பு கேட்டுவிடேன் என்று போதித்துக்கொண்டிருந்தான். நான் மும்முரமாக மறுத்துக்கொண்டிருந்தேன். "செய்யாத தப்புக்கு இன்னாடா மன்னிப்பு? கை இழுத்துச்சு, நான் இழுக்கலை."

அப்போது கழுதை ஈ ஓட்டத் தலையை ஆட்டியிருக்கிறது, கயிறு ஒரு வெட்டு வெட்டியிருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் ரஷீதிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன். கிழங்கு மடியிலிருந்து உருளுகிறது. ரஷீதின் கண் பெரிதாகிறது. என் பிடரியில் சூடாக மூச்சு. திரும்பினால் கழுதையின் மூக்கு. அதன் முன்னங்கால் ஒன்று பருப்புச் சட்டிக்குள்.

நான்தான் இழுத்திருக்கிறேன், மாற்றி மாற்றி, அத்தனை கயிற்றையும். காலடியில் அழகாகச் சுருட்டிக்கூட வைத்திருக்கிறேன்.

எதிர்க் கூடாரத்திலிருந்து ஒரு சத்தம். இக்கு. கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். சிரித்தால் தாடை வலிக்கிறது, தாடையையும் பிடித்துக்கொள்கிறான். "சார், இங்க வாங்க. அது தானா இழுக்குது சார். அவனுக்குத் தெரியவே இல்லை."

சார் வந்தார். கழுதையைப் பார்த்தார், பருப்பைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ரஷீது, "கலீஜ் பண்ணிட்டியேடா, ராத்திரிக்கு இன்னாத்தத் துன்றது?" என்றான். ஆனாலும் தோளில் கை போட்டான்.

25 மே, வெள்ளி

நம்பினால் மட்டும் போதுமா? துனி சந்த் ரஷீது மூலமாகச் சொன்னார்: வேண்டுமென்று இழுப்பவனைக்கூடத் திருத்தலாம், தெரியாமல் இழுப்பவனோடு யார் கயிறு கட்டுவது?

நியாயம். அது நேற்றுவரை சுமந்த பழியைவிட அதிகமாகக் குத்தியது.

மத்தியானம் இக்கு ஒரு கயிற்றைத் தூக்கிப்போட்டான். "கட்டிக்கோடா தண்டம். வெட்டுனா உடணும்."

26 மே, சனி

கயிற்றின் ஒரு முனை படுக்கையில் இருக்கும் இக்குவிடம். மறுமுனை நான் எங்கே போனாலும் என்னோடு. சட்டி கழுவும்போது வெட்டுகிறான். கிழங்கு உரிக்கும்போது வெட்டுகிறான். நான் இழுத்துவிட்டால் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் தலையில். ரஷீது அதற்கென்றே டம்ளரோடு பின்னால் நடக்கிறான், முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும்போதும் வெட்டினான். விவரம் எழுத மாட்டேன்.

எனக்குத் தெரிந்த வேலையை மறப்பது தெரியாத வேலையைக் கற்பதைவிடப் பேஜார். கை என்னுடையதா, நான் கையுடையவனா?

27 மே

காலையிலிருந்து தலை நனைந்துகொண்டே இருக்கிறது. சாயங்காலம் ஒரு தடவை நனையவில்லை.

28 மே

நனையவில்லை. நனையவில்லை. ஒரு தடவை நனைந்தது. அது நான் விட்ட பிறகும் ரஷீது ஆசைக்கு ஊற்றியது.

இக்கு நொண்டாமல் நடக்கிறான்.

30 மே, புதன்

விடியும்போதே கிளம்பினோம். காற்று இல்லை. ஏறும்போது துனி சந்த் என்னைத் தன் கயிற்றில் தன் பக்கத்திலேயே கட்டிக்கொண்டார். திருடனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போகிற போலீசுபோல. மூச்சு முட்டினால் எவனுக்குத் துடுக்கு வரும்?

இன்னொரு கயிற்றின் தலைமாட்டில் இக்கு ஏறினான். நட்டு போல்ட்டு மாதிரி, ஒவ்வொரு படியாக முடுக்கி முடுக்கி. உச்சியில் முதல் கால் அவனுடையது. நான் போய்ச் சேர்ந்தபோது சும்மா உட்கார்ந்திருந்தான். கண்ணுக்கு எட்டின வரை வெள்ளை வெள்ளையாக அலை, ஒன்றும் நகரவில்லை. சார் தொப்பியைக் கழற்றினார். பழக்க தோஷம், உள்ளே மோந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி போட்டுக்கொண்டார்.

இறங்கக் கயிற்றை மாற்றிக் கட்டினார்கள். எங்கள் கயிற்றில் முதலில் ரஷீது, நடுவில் இக்கு, கடைசியில் நான்.

"வாலா நானு?" என்றேன்.

துனி சந்த் ஏதோ சொன்னார். ரஷீது மொழிபெயர்க்காமல் இக்குவைப் பார்த்தான். இக்கு இடுப்பு முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னான். "எறங்கும்போது மேல நிக்கிறவன்தாண்டா எல்லாரையும் புடிக்கணும். அவருகிட்ட நான்தான் கேட்டேன்."

"இன்னான்னு கேட்டே?"

"பேசாம நில்லு."

அந்தச் சரிவு வந்தது. கோடாரியை இறுக்கினேன். கயிற்றைச் சுற்றினேன். துனி சந்த் பக்கத்தில்தான் நின்றார், ஆனால் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். பாதியில் காற்று வந்துவிட்டது. ரஷீது மேகத்துக்குள் போய்விட்டான், தெரியவில்லை. இக்குவின் முதுகு மட்டும் தெரிந்தது.

கயிறு வெட்டியது. விட்டேன். மறுபடி வெட்டியது. விட்டேன்.

கீழே போய்ச் சேரும்வரை இக்கு பாடிக்கொண்டே இறங்கினான். காற்றில் பாட்டு எனக்குக் கேட்கவில்லை, தலை ஆடுவதில்தான் தெரிந்தது. ஒரு தடவைகூட மேலே திரும்பிப் பார்க்கவில்லை.