வாக்கியம் முடியாத இடத்தில் ஒரு புள்ளி

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், மனசளவில் உன்மேல் கடுப்பு. நீ நலமாக, வேளைக்குச் சாப்பிட்டு, இதைக் கடைசி வரி வரை படிக்கும் பொறுமையோடு இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் நீ "சரிம்மா, சரிம்மா" என்றபடி அங்கே வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. கடிதத்துக்குள் அந்தச் சத்தம் வராது.

அச்சகக்காரர் கொடுத்த கால்நடை மருத்துவக் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்து முடித்துவிட்டேன், கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவுதான் பாக்கி. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகரவரிசையில் அடுக்கித் தர நீ வேலைக்கு அங்கே போவதற்கு முன் எழுதிக் கொடுத்தாயே ஒரு நிரல், அதை நம்பித்தான் நான் இந்த வேலைகளை ஒப்புக்கொள்கிறேன். கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட அன்றே அது படுத்துவிட்டது. கேட்டால் "நிரல் எழுதுற மொழி புதுசாயிடுச்சும்மா, நிரல் பழசு, ரெண்டுக்கும் ஒத்துக்கலை" என்கிறாய், யாரோ வீட்டு மாமியார் மருமகள் சண்டையைச் சொல்வது மாதிரி. புதியதைத் தொடாமல் பழைய பதிப்பையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், எந்த நிரலுக்கு எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ள ஒரு பதிப்பு மேலாளர் இருக்கிறது, அதை நிறுவுவது "அஞ்சு நிமிஷ வேலை" என்று செய்முறை அனுப்பினாய். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்தே என் கணினிக்குள் வந்து நீயே செய்துவிடுவதாகவும் சொன்னாய். எத்தனை ஞாயிறு போயிற்று என்று நான் எண்ணவில்லை, அப்பா எண்ணுகிறார். கடைசியில் "இதெல்லாம் எதுக்கும்மா இனிமே, விட்டுடேன்" என்றாய் பார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே வாரம் அச்சகக்காரரும் "முடியலைன்னா தயங்காம சொல்லுங்கம்மா, எல்லாத்தையும் மொத்தமா செய்யிற ஆள் ஒருத்தர் இருக்கார்" என்றார். மொத்தமாக என்றால் மெய்ப்பும் சேர்த்துத்தான். இந்த அடைவு கைவிட்டுப் போனால் அடுத்த புத்தகம் என் மேசைக்கு வராது, இது உனக்குத் தெரியாமலா அப்படிச் சொன்னாய்?

சரி போ என்று நானே உட்கார்ந்தேன். போன் திரையில் உன் செய்தியைப் படித்தால் கண் வலிக்கிறது என்று முதலில் ஒரு தாளில் அழகாக எடுத்து எழுதினேன், போகிற போக்கில் நீ விட்ட ஒற்றுகளையும் போட்டுக்கொண்டேன். கட்டளை தட்டுகிற அந்தக் கறுப்புச் சன்னலில் முதல் வரியைத் தட்டினேன், மேலாளர் இறங்கியது. தட்டுகிற கட்டளையை வாங்கிச் செய்கிற ஷெல் கண் விழித்ததும் படிக்கிற கோப்பில் மூன்று வரியைச் சேர்க்கச் சொல்லியிருந்தாய், சேர்த்தேன். சன்னலை மூடித் திறக்கச் சொன்னாய், அதையும் செய்தேன். மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றது, அப்படி ஒருவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்கிற மாதிரி. மூடித் திறந்து மூடித் திறந்து, ஒரு கட்டத்தில் அப்பா எழுந்துபோய் அறைச் சன்னலையும் சாத்தித் திறந்துவிட்டு "இதுல வருதா பாரு" என்றார். உன்னிடம் கேட்டால் கோப்பில் போட்டாயா என்கிறாய், போட்டேன், சேமித்தாயா என்கிறாய், சேமித்தேன், "அப்போ வரணுமே" என்று ஒரு பொம்மை முகத்தை அனுப்பிவிட்டுப் போய்விட்டாய். வரணுமே என்று சொல்ல இங்கே அப்பாவே போதுமே, அதற்கு எதற்கு அத்தனை படிப்பு?

வேறு வழி தெரியாமல் எனக்குத் தெரிந்த வழிக்கு வந்தேன். மெய்ப்பில் சந்தேகம் வந்தால் மூலத்தோடு ஒப்புநோக்க வேண்டும். அப்பா உன் செய்தியை உரக்கப் படிக்க நான் என் தாளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, காற்புள்ளியைக்கூட விடாமல் வாசிப்பார். "இந்தக் கோப்பில் சேர், புள்ளி, மறுபடி ஒரு புள்ளி, பாஷ்ஆர்சி" என்று கோப்பின் பெயர் வரை படித்தார். "அது முற்றுப்புள்ளிங்க, தாண்டிப் போங்க" என்றேன். "முற்றுப்புள்ளி ஒண்ணு முன்னாடியே வெச்சாச்சு மேடம், இது ரெண்டாவது, அந்தப் பேரோட ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார். அடுத்தடுத்து இரண்டு புள்ளி வந்தால் ஒன்றை அடிப்பது என் கை வழக்கம், அடித்துவிட்டிருக்கிறேன். புள்ளியில்லாத பெயரில் புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கி, யாருமே படிக்காத அதில் மூன்று வரியைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் நீயே சொல், பெயருக்கு முன்னால் புள்ளி வைப்பதை எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்? தமிழில் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் போகும், உங்கள் ஊரில் புள்ளி வைத்தால் கோப்பே கண்ணுக்கு மறைந்துவிடுமாம். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, உன் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்கு எழுதுகிற மாதிரியா அம்மாவுக்கு எழுதுவது?

புள்ளியோடு இருந்த நிஜக் கோப்பில் எழுதி, சன்னலை மூடித் திறந்தேன், மேலாளர் பதில் சொன்னது. பழைய பதிப்பைக் கேட்டதும் எறும்புச் சாரி மாதிரி வரிகள் ஓடின, நின்றதும் அடைவுக் கோப்புறைக்கு மட்டும் அதுதான் என்று கட்டி வைத்தேன், கணினியின் மற்ற வேலைகளுக்குப் புதியதே இருக்கிறது. உன் நிரலை ஓட்டினேன், 'அசைபோடாமை' முதல் 'வைக்கோல்' வரை ஒரு சொல் இடம் மாறாமல் வந்து விழுந்தது. அச்சகக்காரர் புரட்டிப் பார்த்தார், அடுத்த புத்தகத்தின் தாள்கட்டை, பாசன வாய்க்கால்களைப் பற்றியதாம், மேசைமேல் வைத்துவிட்டு "கொஞ்சம் அவசரம்மா" என்றார். நீ விடச் சொன்ன வேலை அது. நான் விடவில்லை, நீயும் இனி அந்தப் பேச்சை எடுக்காதே.

குளிருக்குக் காதை மூடிக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே. தொட்டதெல்லாம் துலங்கி, நோய்நொடி அண்டாமல், நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் வாய்த்து நீ நிறைவாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று, தொலைவிலிருந்து என் கணினியைத் திறக்க நீ செய்துவைத்திருந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டேன். உள்ளே வர வேண்டுமானால் விடுப்புப் போட்டுவிட்டு வாசல் வழியாக வா.

இப்படிக்கு,
கோபம் பாதி தணிந்த
அம்மா