விரலில் பிடித்த வால்வு

அன்புள்ள மேட்ரன் அம்மாவுக்கு,

இங்கு நலம். நீயும் உன் பொறுப்பில் இருக்கும் பதினான்கு முதியவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் இந்த மனுஷனுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். நேற்று நான் சொன்னதில் பாதி பொய். அதைத் திருத்த இன்னொரு போன் செய்தால் அதிலும் பொய்தான் சொல்வேன். உன் குரலைக் கேட்டாலே என் வாய் தானாக "நான் நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறது. அதனால் பேனாவை எடுத்தேன். லீவில் ஊருக்கு வந்த உன் தோழி வியாழக்கிழமை திரும்பிப் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் கார் விஷயம். போன முறை நீ விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, நம் வண்டி விட்ட நீலப்புகையில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போனார்களே, இப்போது அதைவிட மோசம். காயப்போட்ட துணியெல்லாம் எண்ணெய் நாற்றம் என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் என்னைப் பிடித்துக்கொள்கிறார். மெக்கானிக்கிடம் காட்டினேன். வால்வு சீல் போய்விட்டது என்றார். வால்வுத் தண்டில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் தொப்பி அது. இறுகிப்போனால் வண்டி நிற்கும்போது எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் புகையாக வருமாம். மொத்தம் எட்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாகக் கடுகளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிறவன் நான், இதை வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்று மார்தட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் நீ வரும்போது புகையில்லாத காரில் உன்னை அழைத்துவர வேண்டும் என்று எனக்கு ஆசை.

எட்டு நாளைக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். அந்த முதியோர் இல்லத்தில் உன்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், யோசித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். வழக்கம்போல மத்தியானம்தானே கூப்பிடுவாய் என்று, கறை படாமல் இருக்க போனைச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்தேன்.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். விழுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அதனால் பிளக் துவாரம் வழியாகக் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மேலே ஏற்றி, கயிறு வால்வைத் தாங்கும்படி செய்ய வேண்டும். உன் துணிக்கொடியைத்தான் அவிழ்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் சிலிண்டர் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதில், உனக்கு என்ன பதில் சொல்வது என்ற நினைப்பிலேயே, கயிற்றைத் திணிக்காமல் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டேன். பழைய ரப்பர் தொப்பியை இடுக்கியால் பிடுங்கியதும் வால்வு வழுக்கிக்கொண்டு இறங்கியது. தண்டின் நுனியை இரண்டு விரலால் எப்படியோ பிடித்துவிட்டேன். நுனி மட்டும்தான் வெளியே இருந்தது. அதில் எண்ணெய் வேறு.

அப்போதுதான் போன் அடித்தது.

ஐந்து எட்டு வைத்தால் ஜன்னல். ஆனால் விரலை விட்டால் எல்லாம் போச்சு. ஒரு நூலோ ரப்பர் பேண்டோ இருந்தால் சுற்றி நிறுத்திவிடலாம், எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும். என்னை அறியாமல் வீட்டைப் பார்த்து, "இந்தாம்மா, இங்க கொஞ்சம் வாயேன்" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் நீ அங்கே இல்லை என்பது உறைத்தது. நீ போய் நான்கு வருடம் ஆகிறது, நான் இன்னும் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. அங்கேயே நின்று அழுதேன். கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை, இன்னொரு கையெல்லாம் கிரீஸ்.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார், திட்டத்தான். "அக்கா, திட்டறதுக்கு முன்னாடி ஒரு ரப்பர் பேண்ட் குடுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் தன் பின்னலில் இருந்ததையே உருவிக் கொடுத்தார். சுற்றியதும் வால்வு நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் உன் செய்தி. "எடுக்க மாட்டேங்கறீங்க, கோபம்னு புரியுது. இன்னைக்கே கேட்டாங்க, கையெழுத்து போட்டுட்டேன். ரெண்டு வருஷம்தானே." திருப்பிக் கூப்பிட்டேன். நீ டியூட்டிக்குப் போய்விட்டாய்.

கோபம் இல்லை. நடந்தது இதுதான். ஆனால் நேற்று நீ கேட்டபோது, குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன். வருத்தமா என்று கேட்டாய். "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன். நீ நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருப்ப" என்றேன். நீயும் மாதக் கடைசிவரை கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாய். அதை நீ ஏன் சொன்னாய் என்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்தேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு போனை எடுத்திருந்தாலும் இதே பல்லவியைத்தான் பாடியிருப்பேன். போட்டுக்கோ, நான் சமாளிச்சுக்கறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருப்பேன். நீயும் நம்பியிருப்பாய். நான்கு வருடமாக அதைத்தானே செய்கிறோம்.

வேலையை மறுநாள் முடித்துவிட்டேன். புகை சுத்தமாக நின்றுவிட்டது. அக்காகூடச் சிரிக்கிறார். இன்று காலை ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். எங்கே போவதென்று தெரியவில்லை. அணைத்துவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

என்னால் சமாளிக்க முடியவில்லை. அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள். அங்கே உன்னை நம்பியிருப்பவர்களை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அவர்களிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதித்தான் ஒவ்வொரு கடிதத்தையும் முடிப்பேன். இந்த முறை, நீ வந்து என்னைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்